காய்ச்சலுக்கு எங்கே போவது: ஜி.ஹெச்., தனியார் எமர்ஜென்சி, நலவாழ்வு மையம்

காய்ச்சல், பிள்ளையின் காது வலி, நீர்க்கடுப்பு, தீர்ந்துபோன சுகர் மாத்திரை. இதற்கெல்லாம் சென்னையில் நாம் ஓடும் இடங்கள் மூன்று: சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜி.ஹெச்., தனியார் ஆஸ்பத்திரி எமர்ஜென்சி, பக்கத்துத் தெருவில் அரசு நடத்தும் நகர்ப்புற நலவாழ்வு மையம்.

ஜி.ஹெச்.சில் காசு கேட்க மாட்டார்கள், நள்ளிரவிலும் டாக்டர் உண்டு. ஆனால் எமர்ஜென்சியில் நுழைந்ததுமே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆளைப் பிரித்துவிடுவார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர் சிவப்பு, காய்ச்சல்காரர் பச்சை. யார் முதலில் வந்தது என்பதெல்லாம் அங்கே கணக்கில்லை. பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருப்பவரைத் தாண்டி, 108-இல் இப்போதுதான் வந்து இறங்கியவரை உள்ளே தள்ளிக்கொண்டு போவார்கள். சண்டை போட்டுப் பயனில்லை, முறை அதுதான்.

தனியாரில் கவனிப்பு வேகம், பில்லும் வேகம். கையில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் குத்தும் ஊசிக்குழாய்), ரத்தப் பரிசோதனை, ஒரு பாட்டில் டிரிப்ஸ், அப்புறம் "காலை வரைக்கும் அப்சர்வேஷன்ல இருக்கட்டுமே". எல்லாமே பணம் பறிக்கத்தான் என்று சொல்ல மாட்டேன். முன்பின் பார்த்திராத நோயாளி, கையில் பழைய சீட்டும் இல்லை. வெறும் மாத்திரையோடு அனுப்ப டியூட்டி டாக்டருக்குப் பயமாக இருக்காதா? ஆனாலும் பாராசிட்டமாலில் தணிகிற காய்ச்சலுக்கு இது ரொம்ப அதிகம்.

என் ஓட்டு நலவாழ்வு மையத்துக்கு. 2023 ஜூனில் மாநிலம் முழுக்க 500 மையங்களைத் திறந்தார்கள். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், மருந்து இலவசம். சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை: மாதாமாதம் அதே இடத்தில் பார்த்து மாத்திரையை விடாமல் போட்டாலே, சர்க்கரை 400-ஐத் தாண்டி ராத்திரியில் ஆட்டோ தேடும் நிலை பெரும்பாலும் வராது. நடக்க முடியாத பெரியவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும்.

இடிப்பது நேரம்தான். காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. வேலை முடிந்து கிண்டியில் ரயில் பிடித்துத் தாம்பரம் தாண்டி வீடு சேர்கிறவருக்கு அதற்குள் மணி எட்டரை. அவர் எமர்ஜென்சிக்குப் போனால் விவரம் தெரியாதவர் என்று திட்டுவது அநியாயம். அந்த நேரத்தில் அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-க்குப் போன் போட்டு, விடியும்வரை பொறுக்கலாமா என்று கேட்கலாம்.

டெங்கு சீசனில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். காய்ச்சல் விட்ட பிறகுதான் அதில் ஆபத்தே. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது வந்தாலும் மையம் திறக்கக் காத்திருக்காமல் நேரே எமர்ஜென்சி. கிட்டே இருப்பது எதுவானாலும் சரி.