பெங்களூரு 1990, ஸ்ட்ராஸ்பூர்க் 1992: ஒரே ரகம், இரண்டு விபத்துகள்

இரண்டுமே ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானங்கள், இரண்டும் தரையிறங்க வரும்போது விழுந்தவை.

1990 பிப்ரவரி 14 அன்று மும்பையிலிருந்து பெங்களூரு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, ஓடுபாதைக்கு முன்னாலேயே கோல்ஃப் மைதானத்தில் மோதியது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். பட்டப்பகல், தெளிவான வானம். இன்ஜின்கள் வெறும் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த விசையில் ஓட, வேகம் குறைந்துகொண்டே போனதை இரு விமானிகளும் கவனிக்கவில்லை. இறங்கும் வேகத்துக்குப் பதில் 700 அடி உயரத்தைத் தவறுதலாகத் தேர்வு செய்திருக்கலாம் என்றது விசாரணை.

1992 ஜனவரி 20 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகருக்கு வந்த ஏர் இன்டர் 148 மோதியது இருட்டில், பனி மூடிய மலையில். 96 பேரில் 9 பேர்தான் பிழைத்தார்கள். அங்கே பெரும்பாலும் காலை வாரியது விமானி அறையின் ஒரு சின்னத் திரை: இறங்கும் கோணம் மைனஸ் 3.3 டிகிரி என்று நினைத்து விமானிகள் வைத்தது, அதில் வெறும் '-33' என்று தெரிந்தது. அதன் பொருளோ நிமிடத்துக்கு 3,300 அடி இறக்கம்! தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியும் அந்த விமானத்தில் இல்லை.

அப்புறம் ஏர்பஸ் அந்தத் திரையை மாற்றி, இறங்கும் வேகத்தை முழு நான்கு இலக்கமாகக் காட்டியது. எனக்கு அதிகம் வலிப்பது பெங்களூருதான். அங்கே ஓடுபாதை கண்ணெதிரே இருந்தது.