விமான நேரம் மாறியதாகச் செய்தி வந்தால் உடனே ‘சரி’ என்று அழுத்திவிடாதீர்கள்

அப்பாவின் முதல் வருடத் திதியைக் காசியில் கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. போன வருடம் அந்தத் திதி நவம்பர் 7 காலையில் வந்தது. கொடுக்க வேண்டியவன் தம்பி. அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி வேறு, இரண்டு நாள் ரயிலில் உட்கார முடியாது. அதனால் ஜூலை மாதமே மூன்று பேருக்கும் விமான டிக்கெட் போட்டேன். கோவையிலிருந்து பெங்களூரு, அங்கிருந்து வாரணாசி, திரும்பி வருவதும் அதே வழி. எல்லாரும் பயன்படுத்தும் ஒரு பயண இணையதளத்தில் மொத்தமாக 54,600 ரூபாய் கட்டினேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த ஒரு தளம் மட்டும் இப்படிச் செய்கிறது என்றும் நான் நினைக்கவில்லை.

நவம்பர் 6 அன்று காலை 6.40-க்குக் கோவையில் கிளம்பி 7.45-க்குப் பெங்களூரு. அங்கிருந்து 10.50-க்கு வாரணாசி விமானம். நடுவில் மூன்று மணி நேரம் இருக்கிறது, அம்மா மெதுவாக நடந்து வரலாம், காபி குடிக்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அனுமன் படித்துறைப் பக்கம் தங்க இடம் சொல்லி, சாஸ்திரிகளிடம் பேசி, எல்லாம் முடித்தாயிற்று.

அக்டோபர் 11 அன்று அலுவலகத்தில் வேலை நெருக்கடியான நேரத்தில் கைப்பேசிக்கு அந்தத் தளத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. உங்கள் பயணத்தில் சிறிய மாற்றம் உள்ளது, பார்த்துவிட்டதை உறுதி செய்யுங்கள் என்று ஒரு வரி, கீழே ஒரு பொத்தான். எந்த விமானம், பழைய நேரம் என்ன, புதிய நேரம் என்ன, எதுவும் அந்தச் செய்தியில் இல்லை. விவரம் வேண்டுமென்றால் இன்னொரு இணைப்பைத் திறந்து உள்ளே போக வேண்டும். ஐந்து பத்து நிமிடம் முன்பின் ஆகியிருக்கும் என்று நினைத்து நான் பொத்தானை அழுத்திவிட்டேன். இந்தப் பதிவை எழுதக் காரணமே அந்த ஒரு அழுத்தல்தான்.

நவம்பர் 4 மாலை, பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு, இருக்கை எடுக்க வெப் செக்-இன் திறந்தேன். கோவையிலிருந்து கிளம்பும் நேரம் காலை 9.55 என்று இருந்தது. பெங்களூரு சேர்வது 11 மணி. வாரணாசி விமானமோ 10.50-க்கே கிளம்பிவிடும். முதலில் தவறான பக்கத்தைத் திறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூன்று முறை பார்த்தேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கங்கைக்கு எடுத்துப் போக வேண்டிய சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தத் தளத்தின் உதவி எண்ணில் முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு ஒருவர் எடுத்தார். அவர் சொன்னது இதுதான்: “சின்ன மாற்றம்தான் மேடம். நீங்களே அக்டோபர் 11-ம் தேதி அக்செப்ட் பண்ணிட்டீங்க. இப்போ நீங்க வேண்டாம்னு சொன்னா அது உங்க கேன்சலேஷன்.”

சின்ன மாற்றத்தால் அடுத்த விமானமே தவறிப்போகிறதே என்றேன். அதற்கு அவர், “ரெண்டும் தனித்தனி டிக்கெட் மேடம். ரெண்டாவது ஃபிளைட் சரியான நேரத்துக்குத்தான் போகுது. அதுக்கு நாங்க பொறுப்பில்ல” என்றார். வாங்கும்போது திரையில் ஒரே பயணமாகக் காட்டினார்கள், இடையில் இத்தனை மணி நேரம் காத்திருப்பு என்று கோடு போட்டுக் காட்டினார்கள், ஒரே ரசீதுதான் கொடுத்தார்கள். உள்ளே மட்டும் இரண்டு விமான நிறுவனம், இரண்டு பிஎன்ஆர். ரசீதை உற்றுப் பார்த்தால் ஆறு எழுத்துக் குறியீடு இரண்டு இருக்கிறது. இதன் பொருள் எனக்கு அன்றுவரை தெரியாது. ஒரே பிஎன்ஆரில் இருந்தால், முதல் விமானம் மாறி அடுத்தது தவறும்போது வேறு வழியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது விமான நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டாகப் பிரித்து விற்றால் இடையில் இருக்கிற பள்ளம் முழுக்க நம் தலையில்.

செயலியில் கேன்சல் பொத்தானை அழுத்தினால் எவ்வளவு வரும் என்று பார்த்தேன். 54,600-க்கு 17,340 ரூபாய் காட்டியது. நேரத்தை மாற்றியது அவர்கள், ஆனால் அந்தப் பொத்தானை அழுத்தினால் நானாகவே பயணத்தை ரத்து செய்தேன் என்று கணக்காகிவிடும். நல்லவேளை, தம்பி என் கையைப் பிடித்து நிறுத்தினான். அக்கா, எதையும் அழுத்தாதே, நாளைக்கு ஏர்போர்ட்டுக்கே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றான்.

மறுநாள் காலை பீளமேட்டில் விமான நிலையத்தில் கோவை–பெங்களூரு விமான நிறுவனத்தின் கவுன்டருக்குப் போனான். அங்கிருந்த பெண் பொறுமையாக எடுத்துப் பார்த்துச் சொன்ன தகவல்கள்தான் எங்கள் கண்ணைத் திறந்தன. அவருக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

முதல் தகவல், நேர மாற்றத்தை விமான நிறுவனம் செப்டம்பர் 19 அன்றே அனுப்பிவிட்டது. ஆனால் அவர்கள் பதிவில் எங்கள் கைப்பேசி எண்ணோ மின்னஞ்சலோ இல்லை. இரண்டு இடத்திலும் பயணத் தளம் தன் சொந்த எண்ணையும் முகவரியையும் போட்டு வைத்திருந்தது. அங்கே மூன்று வாரம் தூங்கிய பிறகுதான் எனக்கு அந்த ஒரு வரிச் செய்தி வந்திருக்கிறது. செப்டம்பரிலேயே தெரிந்திருந்தால் ஒரு நாள் முன்னதாகக் கிளம்புவது உட்பட எத்தனையோ வழி இருந்தது.

அடுத்தது, விமான எண்ணே வேறு. 6.40 விமானம் நேரம் தள்ளிப்போகவில்லை. குளிர்கால அட்டவணையில் அந்த விமானத்தையே எடுத்துவிட்டு, எங்களை 9.55-க்குப் போகும் வேறொரு விமானத்தில் ஏற்றியிருந்தார்கள். விமான நிறுவனங்களின் அட்டவணை வருடத்துக்கு இரண்டு முறை மாறும். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு கோடைக்கால அட்டவணையும், அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு குளிர்கால அட்டவணையும் தொடங்கும். ஜூலையில் நவம்பருக்கு டிக்கெட் எடுத்தால் இந்தக் கோட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

எண் மாறியிருந்ததுதான் எங்களுக்குப் பிடி கொடுத்தது. இதை நேர மாற்றம் என்று சொல்ல முடியாது, இது ரத்து. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதிகளில், பிரிவு 3, வரிசை எம், பகுதி 4 என்று ஒன்று இருக்கிறது. விமானத்தை நிறுவனம் ரத்து செய்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ, பயணிக்கு எது ஏற்புடையதோ அதைக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதே விதியில், உரிய நேரத்தில் தகவல் சொல்லாமல் ரத்து செய்தால் பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது இழப்பீடு. ஆனால் தொடர்பு விவரம் சரியாகக் கொடுக்காத பயணிக்கு இந்த இழப்பீடு கிடையாது. இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. நான் என் எண்ணைக் கொடுத்தேன். அதை விமான நிறுவனத்துக்குக் கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டது அந்தத் தளம்.

கடைசியாக அந்தப் பெண் சொன்னது, விமான நிறுவனத்தின் பதிவில் மாற்றம் இன்னும் ஏற்கப்படாமல்தான் நிற்கிறது என்பது. நான் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்பது தளத்தின் கணக்கில் மட்டும் இருந்த ஒன்று. அதனால் கோவை–பெங்களூரு பகுதியை மட்டும் கட்டணம் பிடிக்காமல் ரத்து செய்து கொடுத்தார். அப்போதே இன்னொன்றும் எச்சரித்தார். போகும் விமானத்துக்கு வராமல் சும்மா இருந்துவிடாதீர்கள், போவதும் வருவதும் ஒரே பிஎன்ஆர், முதல் பகுதிக்கு ஆள் வரவில்லை என்றால் திரும்பும் டிக்கெட்டும் போய்விடலாம் என்றார். நாங்கள் அதைத்தான் செய்ய இருந்தோம்.

சரி, பெங்களூருக்கு எப்படிப் போவது? வாரணாசிக்கு மாலை விமானத்துக்கு மாற்றினால் மூன்று பேருக்கும் சேர்த்து இன்னும் 17,400 ரூபாய் கேட்டார்கள். அதனால் 5-ம் தேதி இரவே காந்திபுரத்தில் படுக்கை வசதி ஆம்னி பஸ் ஏறினோம். அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கிடைத்தது. ஆனால் வழியில் இறங்கி ஏறவே இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. விடியற்காலை மடிவாளாவில் இறங்கி, ஊரின் மறுகோடியில் தேவனஹள்ளியில் இருக்கிற விமான நிலையத்துக்கு டாக்சி. பஸ்ஸுக்கும் டாக்சிக்குமாக 5,650 ரூபாய். பணத்தைவிட, அந்த ராத்திரி முழுக்க அம்மா காலைத் தேய்த்துக்கொண்டே “திதிக்குப் போய்ச் சேர்ந்துடுவோமா கண்ணு?” என்று கேட்டுக்கொண்டே வந்ததுதான் என்னால் மறக்க முடியவில்லை. போய்ச் சேர்ந்தோம். தம்பி நல்லபடியாகக் கொடுத்தான்.

ஊருக்கு வந்த பிறகு அடுத்த படலம். ரத்து செய்த பகுதிக்கு 9,450 ரூபாய் வர வேண்டும். தளத்தில் கேட்டால், விமான நிறுவனத்திடமிருந்து இன்னும் வரவில்லை என்றார்கள். விமான நிறுவனத்தில் கேட்டால், டிக்கெட் எடுத்த ஏஜென்சியின் கணக்குக்கு நவம்பர் 20 அன்றே போட்டுவிட்டோம் என்றார்கள். டிசம்பர் முழுக்க இப்படியே போனது. ஒவ்வொரு முறையும் புது ஆள், புது புகார் எண், முதலிலிருந்து கதை.

கடைசியில் பலித்தது ஒரு சின்ன வேலை. எந்தத் தேதியில், எவ்வளவு, எந்தக் கணக்குக்குப் போட்டீர்கள் என்று விமான நிறுவனத்திடம் மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு வாங்கினேன். தொலைபேசியில் சொல்வதற்கு மதிப்பே இல்லை. அந்த மின்னஞ்சலை இணைத்து, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் விமான நிறுவனத்தின் மீது புகார் பதிந்தேன். ஏஜென்சி மீது அல்ல, விமான நிறுவனத்தின் மீது. ஏஜென்சிகள் விமான நிறுவனங்கள் நியமித்த பிரதிநிதிகள், அவர்கள் வழியாக எடுத்த டிக்கெட்டுக்கும் பணம் திருப்பித் தரும் பொறுப்பு நிறுவனத்துக்குத்தான் என்று டிஜிசிஏ விதி சொல்கிறது. கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தளத்தின் மீதும் ஒரு புகார். ஒன்பதாவது நாள் பணம் வந்தது. வந்தது 8,400 ரூபாய். தலைக்கு 350 என்று சேவைக் கட்டணம் பிடித்துவிட்டார்கள், அவர்கள் செய்யாத சேவைக்கு.

இப்போது நான் எப்படி டிக்கெட் எடுக்கிறேன் என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம். முடிந்தவரை விமான நிறுவனத்தின் தளத்திலேயே எடுக்கிறேன். தம்பி வேறு தளத்தில் எடுத்துவிட்டால், அன்றே விமான நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆரைப் போட்டு, தொடர்பு எண் யாருடையது என்று பார்த்து எங்கள் எண்ணை ஏற்றுகிறேன். மறைத்திருந்தால் தொலைபேசியில் சொல்லி மாற்றச் சொல்கிறேன். வாங்கும்போது திரையில் காட்டிய நேரத்தையும் விமான எண்ணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறேன். பிறகு எண் மாறியிருக்கிறதா என்று ஒப்பிட அதுதான் ஆதாரம். மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளைத் தாண்டிய பயணம் என்றால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை திறந்து பார்க்கிறேன். மாற்றம் என்று செய்தி வந்தால், எத்தனை மணிக்கு என்பதை விமான நிறுவனத்தின் தளத்தில் பார்க்கும்வரை எந்தப் பொத்தானையும் தொடுவதில்லை. ரத்து செய்வதாக இருந்தாலும் வழக்கமான கேன்சல் பொத்தான் வேண்டவே வேண்டாம். நிறுவனம் செய்த மாற்றத்தால் ரத்து என்று எழுதிக் கேட்க வேண்டும். கல்யாணம், பரீட்சை, திதி போலத் தள்ளிவைக்க முடியாத காரியம் என்றால் இரண்டு பிஎன்ஆர் பயணமே எடுப்பதில்லை. வேறு வழி இல்லையென்றால் இடையில் ஒரு ராத்திரி தங்குகிறோம்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2024-ல் வந்த விதிப்படி, உள்நாட்டு விமானம் 3 மணி நேரமோ அதற்கு மேலோ, வெளிநாட்டு விமானம் 6 மணி நேரமோ அதற்கு மேலோ நகர்ந்தால் அது பெரிய மாற்றம். பயணி வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எங்களுக்கு நகர்ந்தது 3 மணி 15 நிமிடம். இங்கே அதற்குப் பெயர் சின்ன மாற்றம்.

பிடித்த 1,050 ரூபாயையும், பஸ், டாக்சிச் செலவையும் கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதியிருக்கிறேன். இணையவழியாகவே கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. அக்டோபர் 11 அன்று வந்த அந்த ஒரு வரிச் செய்தியை அச்செடுத்து மனுவின் முதல் இணைப்பாக வைத்திருக்கிறேன்.