மலைக் கிராமங்களில் ஆறு ஆண்டுகளாகக் கோபோ டூல்பாக்ஸ்

ஜவ்வாது மலையில் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தும் சிறிய அறக்கட்டளையில் கணக்கெடுப்பு வேலையைப் பார்க்கிறேன். முதலில் நகரத்து நிறுவனம் ஒன்று செய்து கொடுத்த செயலியைப் பயன்படுத்தினோம். ஓர் ஆண்டு சந்தா கட்ட முடியாமல் போனபோது, குழந்தைகளின் விவரங்களை எல்லாம் அச்சிட்ட தாள்களாகக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவற்றைத் திரும்பத் தட்டச்சு செய்ய மூன்று மாதம் ஆனது. அன்றிலிருந்து எந்த மென்பொருளைப் பார்த்தாலும், எங்கள் தரவை எப்படி வெளியே எடுப்பது என்றுதான் முதலில் கேட்கிறேன்.

செல்பேசியில் படிவம் நிரப்பிக் களத்தில் தகவல் சேகரிக்க உதவும் மென்பொருளான கோபோ டூல்பாக்ஸுக்கு 2019-இல் மாறினோம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனிதநேயப் பணி ஆய்வுப் பிரிவில் உருவானது இது. தொண்டு நிறுவனங்கள் இலவசமாகவே தொடங்கலாம். வரம்புகள் உண்டு, ஆனால் எங்கள் அளவுக்கு அது தாராளம். சேர்ந்த தரவை நினைத்த நேரத்தில் எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ள முடிகிறது. ஆண்ட்ராய்டு செல்பேசியில் படிவத்தை ஒருமுறை இறக்கிவிட்டால் போதும், சிக்னல் இல்லாத ஊரிலும் நிரப்பலாம். ஜமுனாமரத்தூரைத் தாண்டினால் பல இடங்களில் சிக்னல் கிடைக்காத எங்களுக்கு இதுதான் உயிர்நாடி.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது படிவத்தை எழுதும் முறை. எக்செல் தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் விடைக்கும் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் கணினிக்கான குறிப்பெயர், மற்றதில் திரையில் தெரியும் வாசகம். குழந்தை மையத்துக்கு வராத காரணங்களில் ஒன்றை முதல் ஆண்டு "பருவகால இடப்பெயர்வு" என்று எழுதியிருந்தேன். களப்பணியாளர் அக்கா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து அதை வாசிக்க, எதிரே இருந்த தாய் ஒன்றும் புரியாமல் அவர் முகத்தையே பார்த்தார். "வெளியூருக்கு வேலைக்குப் போயிட்டீங்களான்னு கேளுங்க தம்பி, புரியும்" என்றார் அக்கா. வாசகத்தை மட்டும் மாற்றினேன், குறிப்பெயரைத் தொடவில்லை. அதனால் பழைய ஆண்டின் விடைகளும் புதிய விடைகளும் ஒரே நெடுவரிசையில் சேர்ந்து நின்றன. சாமை அறுவடை, கடுக்காய் பொறுக்குதல் என்ற விடைகளும் அப்படிக் களத்திலிருந்து வந்தவைதான். எங்கள் சொல்லை எங்களால் நுழைக்க முடியாத ஒரு மென்பொருளை இனி நான் தொட மாட்டேன்.

பட்ட அடியையும் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் பணியாளர் ஒருவரின் செல்பேசி ஓடையில் விழுந்தது. அனுப்பாமல் வைத்திருந்த இருபத்துமூன்று படிவங்கள் அதோடு போயின. சர்வருக்குப் போய்ச் சேரும்வரை தரவு அந்தச் செல்பேசியில் மட்டுமே இருக்கும் என்பதை நாங்கள் யாருக்கும் அழுத்தமாகச் சொல்லியிருக்கவில்லை. அந்த வீடுகளுக்கு மறுபடியும் நடந்தோம். இப்போது சனிக்கிழமை தோறும் எல்லோரும் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து, அனுப்பும் பொத்தானை அழுத்தி, எண்ணிக்கையை என் பதிவேட்டோடு ஒப்பிட்ட பிறகுதான் கலைகிறோம்.

நன்கொடைக் கணக்கை இதில் வைத்துக்கொள்ளவில்லை. கொடுப்பவருக்கு வரிச் சலுகை பெற்றுத்தரும் 80ஜி ரசீதுகளுக்கும், மே 31-க்குள் வருமான வரித் துறைக்கு அனுப்ப வேண்டியிருந்த, நன்கொடையாளர் விவரங்கள் அடங்கிய 10பிடி படிவத்துக்கும் எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் விரிதாளே போதுமானதாக இருந்தது. கொடுப்பவரின் பான் எண்ணைப் பணம் வாங்கும்போதே குறித்துக்கொண்டால் மே மாதத்தில் தொலைபேசியும் கையுமாக அலைய வேண்டாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஐம்பது கேள்விகளோடு இறங்காதீர்கள். பத்துக் கேள்விகளை ஒரே ஊரில் இரண்டு வாரம் கேட்டுப் பாருங்கள். எந்த வார்த்தையில் மக்கள் தயங்குகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். இந்த ஜூன் மாதப் படிவத்தில் தண்ணீர் எடுக்கப் போகும் நேரத்தைப் பற்றிய கேள்வியை அந்த அக்காவே எக்செல் தாளில் எழுதிச் சேர்த்தார். நான் ஓர் ஒற்றுப்பிழையை மட்டும்தான் திருத்தினேன்.