மல்ச்சேசினே வரலாற்று நடை: கோபுரத்தில் சொன்ன கதையும் மாளிகையில் சொல்லாமல் விட்டதும்

வட இத்தாலியில் கார்டா ஏரியின் கிழக்குக் கரையில், பால்டோ மலைக்கும் நீருக்கும் இடையிலுள்ள சிறு இடத்தில் ஒடுங்கிக் கிடக்கும் மல்ச்சேசினே என்ற சிற்றூரின் வரலாற்றை இரண்டு மணி நேரத்தில் நடந்தபடியே சொல்லித் தரும் வழிகாட்டிச் சேவை ஒன்றில் கடந்த மே மாதம் சேர்ந்தேன். நடை படகுத்துறையில் தொடங்கிக் கோட்டைக் கோபுரத்தில் முடிகிறது.

கோபுரப் பகுதிக்காக மட்டுமே இந்த நடைக்குப் பணம் கொடுக்கலாம். வெரோனாவை ஆண்ட ஸ்காலிஜர் குலத்தின் பெயரால் வழங்கும் அந்தக் கோட்டையின் முற்றத்தில், ஜெர்மானியக் கவிஞர் கதேக்கு நேர்ந்ததை வழிகாட்டி நடித்தே காட்டினார். 1786 செப்டம்பர் 13 அன்று, விடியும் முன்பே தோர்போலேயிலிருந்து துடுப்புப் படகில் கிளம்பிய கதே, எதிர்க்காற்று வலுத்ததால் இங்கே கரையேறுகிறார்; பாழடைந்த கோட்டையைப் படம் வரைய உட்கார்ந்ததும் கூட்டம் கூடுகிறது, ஒருவர் தாளைப் பிடுங்கிக் கிழிக்கிறார், ஊர் அதிகாரி வந்து விசாரிக்கிறார். தாம் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தவர் என்று கதே சொல்ல, அங்கே வேலை பார்த்துத் திரும்பிய உள்ளூர்க்காரர் ஒருவரை அழைத்து வந்து பேச வைத்த பிறகே சந்தேகம் தீர்கிறது.

எல்லோரும் சிரித்தோம், ஆனால் ஓர் இடிந்த கோபுரத்தின் படத்துக்கு ஊரே ஏன் பதறியது என்பதை வழிகாட்டி சொல்லவே இல்லை. 1405 முதல் மல்ச்சேசினே வெனிஸ் குடியரசின் ஆட்சியில் இருந்தது. ஏரியின் வடமுனையிலுள்ள தோர்போலேயோ ஆஸ்திரியர் வசம் இருந்தது. வடக்கிலிருந்து வந்து கோட்டையை வரையும் அந்நியர், எல்லையோர மக்களின் கண்ணுக்குப் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் இரண்டாம் யோசேப்பின் ஒற்றராகத்தானே தெரிவார்?

இந்த விளக்கத்துக்கு உரிய இடம் கேப்டன்களின் மாளிகை. கிழக்குக் கரையின் பத்து ஊர்கள் சேர்ந்த கூட்டமைப்பையும், கடத்தலைத் தடுக்கும் பொறுப்பையும் வெனிஸ் ஒப்படைத்திருந்த ஏரிக் கேப்டன் இங்கிருந்தே செயல்பட்டார். எங்களுக்கோ அங்கே புகைப்படம் எடுக்க ஐந்து நிமிடம்தான் கிடைத்தது. மிலானுடன் நடந்த போரில், 1439இல் வெனிஸ் தன் போர்க்கப்பல்களை அடிஜே ஆற்றிலிருந்து எருதுகள் பூட்டி மலை கடத்தி, தோர்போலேயில் ஏரிக்குள் இறக்கிய வியப்பும் ஒரே வாக்கியத்தில் முடிந்துபோனது. 1797இல் குடியரசு வீழ்ந்ததும், பின்னர் வந்த ஆஸ்திரிய ஆட்சி 1866இல் முடிந்து ஊர் இத்தாலியோடு சேர்ந்ததும் படியேறும்போது மூச்சிரைப்புக்கு நடுவே காதில் விழுந்தவை.

கரையோரத்தில் கண்ட ஒரு காட்சி இந்த மனக்குறையைச் சற்று ஆற்றியது. ஓவியர் கிளிம்ட் 1913இல் தீட்டிய மல்ச்சேசினே நிலக்காட்சியின் அச்சுப்படியை வழிகாட்டி எதிரே தெரியும் கூரைகளோடு பொருத்திப் பிடித்துக் காட்டினார். மூல ஓவியம் 1945இல் தீயில் அழிந்துவிட்டது.

இருபதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்த குழுவுக்குக் கொடுத்த காதொலிக் கருவிகள் சந்துகளில் அடிக்கடி இரைந்தன. வழிகாட்டியை ஒட்டி நடப்பது நல்லது. கோபுரம் ஏற இயலாதவர்கள், கோட்டைக்குள்ளேயே கதேக்கென ஒதுக்கியுள்ள அறையில் அவருடைய பயணச் சித்திரங்களின் படிகளைப் பார்த்தபடி காத்திருக்கலாம்.