நேர் கட், ஜே கட், டிசால்வ்: எதை எங்கே வைப்பது?

வீடியோ எடிட்டிங் மென்பொருளில் எத்தனை டிரான்ஸிஷன் (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் முறை) இருந்தாலும், பெரும்பாலான இடங்களுக்கு நேர் கட்டே, அதாவது எந்த எஃபெக்டும் இல்லாமல் சட்டென மாறுவதே போதும். அசைவின் நடுவில் வெட்டினால் அது கண்ணில் படாது. ஒருவர் உட்காரத் தொடங்கியபின், முழுதாக உட்காருவதற்குள் அடுத்த ஷாட்டுக்குப் போய்விட வேண்டும். அசைவு ஓய்ந்தபின் வெட்டினால் துருத்தும்.

நேர் கட் சறுக்குவது உரையாடலில். படமும் குரலும் ஒவ்வொரு முறையும் ஒரே ஃப்ரேமில் மாறினால் பேச்சு துண்டு துண்டாகிவிடும். ஜே கட்டில் அடுத்தவர் குரல் முதலில் வரும், முகம் பிறகு. எல் கட்டில் படம் மாறியும் பழைய குரல் தொடரும். கேட்பவர் முகத்தில் ஓடுவதைக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) படத்துக்கும் குரலுக்கும் 6 முதல் 12 ஃப்ரேம் வித்தியாசமே பெரும்பாலும் போதும்.

பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் முதலில் நேர் கட்டாக ஒட்டுங்கள். பிறகு வெட்டு விழும் இடத்தை நகர்த்தும் ரோலிங் எடிட் கருவியை எடுத்து, ஆல்ட் விசையை அழுத்தியபடி படத்தின் வெட்டை மட்டும் நகர்த்துங்கள். வலப்பக்கம் போனால் ஜே கட், இடப்பக்கம் எல் கட். ஒலி இருந்த இடத்திலேயே இருப்பதால் உதடசைவு பிசகாது. பிசகுவதெல்லாம் படத்தையும் ஒலியையும் பிரித்துவிட்டு கிளிப்பையே இழுக்கும்போதுதான். ஒலி மாறும் இடத்தில் ‘டிக்’ என்று கேட்டால் 2 ஃப்ரேம் ஆடியோ கிராஸ்ஃபேட் (ஒரு ஒலி தணியத் தணிய அடுத்தது எழுவது) போடுங்கள்.

ஒரு படம் மங்க மங்க அடுத்தது தெளிந்து வரும் டிசால்வ், காலமோ இடமோ மாறியதைச் சொல்லத்தான். வெட்டின் நடுவில் வைத்த 1 நொடி (24 ஃப்ரேம்) டிசால்வுக்கு, முதல் கிளிப்பின் முடிவுக்கு அப்பால் 12 ஃப்ரேமும் இரண்டாவதன் தொடக்கத்துக்கு முன்னால் 12 ஃப்ரேமும் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரீமியர் ஓரத்து ஃப்ரேமையே திரும்பத் திரும்பக் காட்டும். ஆள் சிலைபோல உறைவார். மிச்சம் இருந்தாலும் ஓட்டிப் பாருங்கள்: வெட்டித் தள்ளிய கேமரா ஆட்டம் அந்த 12 ஃப்ரேமில் எட்டிப் பார்க்கும்.

ஒரே கோணப் பேட்டியில் நடுவே ஒரு வாக்கியத்தை நீக்கினால் தலை குதிக்கும். அதை டிசால்வால் மூடாதீர்கள், முகம் இரண்டாகத் தெரியும். வெட்டுக்குப் பிந்தைய துண்டை, முந்தைய துண்டின் அளவில் 115–120 சதவீதமாகப் பெரிதாக்குங்கள். 1080 டைம்லைனில் அதைவிடக் கூர்மையான 4கே காட்சி என்றால் தரம் குறையாது. பேச்சோடு தொடர்புள்ள வேறு ஷாட் கைவசம் இருந்தால் அதை மேல் டிராக்கில் (டைம்லைனின் மேல் அடுக்கில்) வைத்து மூடுவதே மேல்.