கழித்துப்போட்ட கணினியில் நான்கு ஆடித் திருவிழா

நான் கணினி படித்தவன் அல்லன். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் 31 ஆண்டு கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக இருந்தவன். செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு எழுதி, சம்பளக் கணக்குப் போட்டு, பால்மரமாகிய ரப்பர் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்ததைக் கண்ணால் பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குச் செயலாளர். ஊரில் இன்னும் என் பெயர் கிராணிதான்.

2021-இல் தோட்ட அலுவலகத்தில் கணினிகளை மாற்றினார்கள். கடைசிப் பத்தாண்டு நான் தட்டிக்கொண்டிருந்த மேசைக் கணினியும் கழிவில் வந்தது. 50 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிக்கொண்டேன். இன்டெல் கோர் 2 டுவோ, இ7500 சில்லு, 2 ஜிபி ரேம். ஹார்ட் டிஸ்க் மட்டும் கிடையாது. தொழிலாளர் சம்பள விவரம் வெளியே போய்விடக் கூடாதென்று கழற்றிக்கொண்டுதான் கொடுத்தார்கள். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆக, மூளை இருந்தது, நினைவு இல்லை.

அந்தப் பெட்டியில் முன்பு ஓடியது விண்டோஸ் 7. அதற்கான ஆதரவு, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்பு வருவது, 2020 ஜனவரி 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-ஐ உரிமத்தோடு வாங்கினால் கணினியின் விலையைப்போலப் பல மடங்கு ஆகியிருக்கும். கள்ளப் பதிப்பைப் போட்டுத் தருகிறேன் என்று ஊரில் ஒருவர் சொன்னார். கோயில் கணக்கை அதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. மகள் வயிற்றுப் பேரன்தான், 'தாத்தா, லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமா? காசு கேட்காது' என்றான். விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச மென்பொருள் அது. அவனுக்கு அப்போது பள்ளிக்கூடம் வீட்டில்தான். கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் பிள்ளைகள் ஒரே கைப்பேசிக்கு அடித்துக்கொண்ட காலம். அவனுக்கும் ஒரு கணினி வேண்டியிருந்தது. யோசனையில் கொஞ்சம் சுயநலமும் கலந்திருந்தது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

நாங்கள் தேர்ந்தது லினக்ஸ் மிண்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மிண்டில் அதுதான் இலேசானது. லினக்ஸ் என்ற கருவை, அதாவது கணினியை உள்ளிருந்து இயக்கும் மைய நிரலை, 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். அதைச் சுற்றி உலகம் முழுவதும் பலர் பல வீடு கட்டியிருக்கிறார்கள். அவற்றில் உபுண்டு ஒன்று. உபுண்டுவின் மேல் கட்டிய மாடி மிண்ட். 2006 முதல் வருகிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பெண்பிள்ளைப் பெயர், அதுவும் அகர வரிசையில். எங்கள் வீட்டில் முதலில் குடிவந்தது உமா, 20.2. அடுத்து வனெஸ்ஸா, அப்புறம் வில்மா, இப்போது ஜாரா. மருமகள்கள் வந்துபோவதுபோல் இருக்கிறதே என்று என் மனைவி சிரிக்கிறாள்.

ஈப்போவில், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, 240 ஜிபி எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் ஒன்றும், பழைய சாமான் கடையில் ரேமும் வாங்கி 4 ஜிபி ஆக்கினோம். இரண்டும் சேர்ந்து 200 வெள்ளிக்குள் அடங்கியது. மகள் வீட்டு இணையத்தில் 2 ஜிபி மிண்ட் கோப்பை இறக்கி, பென் டிரைவில் எழுதி, நிறுவாமலே அதிலிருந்து ஓட்டிப் பார்த்தோம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். பெண் பார்க்கப் போகும்போது தட்டை மாற்றாமல் காப்பி மட்டும் குடித்துவிட்டு வருவதுபோல. ஒலி வந்தது, திரை சரியாக நின்றது, கேமராவைச் செருகியதும் முகம் தெரிந்தது. பிறகு நிறுவ அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

வேகத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பொத்தானை அழுத்தி மேசை வர 40 நொடிக்குள். அதில் பாதிப் புண்ணியம் எஸ்எஸ்டிக்கு. எதையும் திறக்காதபோது 800 எம்பி அளவில் ரேம் எடுக்கிறது. ஃபயர்பாக்ஸ் உலாவியில் ஆறேழு பக்கம் திறந்தால் மூச்சு வாங்கத் தொடங்கும். யூடியூப் 720-இல் ஓடும். 1080 போட்டால் பாடகர் ஒரு வரியும் உதடு ஒரு வரியுமாகப் போகும். இந்தச் சில்லு வெளிவந்தது 2009-இல். அதற்கு இதுவே அதிகம். பேரனின் கூகுள் வகுப்புகள் எல்லாம் உலாவியிலேயே நடந்ததால் அவனுக்குக் குறையொன்றும் இருக்கவில்லை. விளையாட்டு மட்டும் ஓடவில்லை. அதைக் குறை என்று நான் எழுதினால் அவன் அம்மா சண்டைக்கு வருவாள்.

இவையெல்லாம் முதல் மாதத்துக் கதை. ஒரு கணினி நல்லதா கெட்டதா என்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஆடி மாதத்தில்தான் தெரியும். அழைப்பிதழ், உபயகாரர் பட்டியல், ரசீது, ரதம் போகும் பாதைக்குக் காவல் நிலையத்துக்கு மலாய்க் கடிதம், கூடாரம் போட நகராண்மைக் கழகத்துக்கு இன்னொன்று. எல்லாம் இரண்டு வாரத்தில் முடிய வேண்டும். 2022-இல்தான் தடையெல்லாம் நீங்கி முழுத் திருவிழா.

கொடியேற்றத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, 'புதுப்பிப்புகள் உள்ளன' என்று மூலையில் ஒரு கேடயம் ஆரஞ்சுப் புள்ளி காட்டியது. சுத்தக்காரன் புத்தி, அழுத்திவிட்டேன். மறுமுறை திறந்தால் இணையம் இல்லை. யூஎஸ்பியில் செருகும் மலிவு வைஃபை குச்சி ஒன்று வைத்திருந்தோம். அதை ஓட்டும் சிறு நிரலான இயக்கி லினக்ஸ் கருவுக்குள் இருப்பதன்று, வெளியிலிருந்து தனியாகக் கட்டிச் சேர்த்தது. கரு மாறியதும் கட்டு அவிழ்ந்துவிட்டது. அன்றிரவு எனக்கு வந்த கோபத்தில் பெட்டியைத் திரும்பத் தோட்டத்துக்கே கொண்டுபோய் வைத்திருப்பேன். காலையில் பேரன் வந்து கணினியைத் தொடக்கும்போதே ஒரு பட்டியலை வரவழைத்து, பழைய கருவைத் தேர்ந்தான். இணையம் வந்துவிட்டது. பழையதை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்தால் அதன் இணையத்தையே கணினி எடுத்துக்கொள்ளும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அதற்கு எந்த இயக்கியும் போட வேண்டியதில்லை.

அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு. ஆனி மாதம் பிறந்தால் புதுப்பிப்பு இல்லை. திருவிழாக் கணக்கு முடித்த பிறகுதான். பாதுகாப்புக்கு இது உகந்ததன்று என்று விவரம் அறிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் ரசீது அடிக்க வருவதில்லை. நான் செய்ய நினைக்கும்வரை மிண்ட் காத்திருக்கிறது, நடுவில் தானாக அணைந்து எழுந்து கொள்வதில்லை. அதுவே எனக்குப் போதும்.

அச்சுப்பொறி இரண்டாவது தலைவலி. கோயிலுக்கு யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய லேசர். தயாரித்தவர்கள் லினக்ஸுக்கு ஓர் இயக்கி கொடுத்திருந்தார்கள், கொடுக்காமலே இருந்திருக்கலாம். இரண்டு நாள் போராடி, ஒரு பக்கம் வந்து அடுத்த பக்கம் வராமல், கடைசியில் அதைத் தலைவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு வாங்கினோம். புது அச்சுப்பொறிகளுக்குப் பெரும்பாலும் தனி இயக்கி எதுவும் தேவைப்படுவதில்லை, வைஃபையில் சேர்த்ததும் பட்டியலில் வந்து நிற்கிறது. பழைய கணினிக்கு லினக்ஸ் போட நினைப்பவர்கள், கணினியைவிட அச்சுப்பொறியை முதலில் சோதித்துக்கொள்வது நல்லது.

தமிழைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

தட்டச்சில் சிரமம் இல்லை. எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பை நிறுவினால் தமிழ்99 வந்துவிடுகிறது. 1999-இல் சென்னையில் கூடிய மாநாட்டில் முடிவான விசைப்பலகை அது. எங்கள் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளில் பழகிய கைகளுக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. எழுத்துருக்களில் நோட்டோ செரிஃப் அழைப்பிதழுக்கு அழகாக இருக்கிறது. மிண்டின் பட்டியல்களை (மெனு) தமிழில் மாற்றி ஒரு வாரம் பார்த்தேன். பாதி தமிழ், நடுநடுவே ஆங்கிலம். திரும்பிவிட்டேன்.

சிக்கல் பழைய கோப்புகளில் இருந்தது. எனக்கு முந்தைய செயலாளர் 1999 முதல் 2008 வரை உபயகாரர் பட்டியலைக் கணினியில் எழுதி ஒரு குறுந்தகட்டில் வைத்திருந்தார். லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறந்தால் தலையில் புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள்தான் வரிசை கட்டி நின்றன. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய எழுத்துரு. அதே தகட்டில் எழுத்துருக் கோப்பும் இருந்ததால் அதை நிறுவியதும் தமிழ் தெரிந்தது. பார்க்கலாம், அச்சடிக்கலாம், தேட முடியாது, வரிசைப்படுத்த முடியாது. மாற்றியே ஆக வேண்டும்.

பேரன் பைத்தான் நிரல்மொழியில் 'ஓப்பன் தமிழ்' என்ற கட்டற்ற நிரல் தொகுப்பைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். அதற்கு முன் அவனே எழுத்துக்கு எழுத்து மாற்றும் நிரல் ஒன்று எழுதிப் பார்த்தான். அதில் வந்த பெருமாள், 'ெபருமாள்' என்று நின்றார். கொம்பு தனியாக, ஒரு புள்ளி வட்டத்தைத் தலையில் சுமந்துகொண்டு. காரணம் எளிது. பழைய எழுத்துருவில் நாம் தாளில் எழுதுகிற வரிசைதான்: முதலில் கொம்பு, பிறகு 'ப'. யூனிகோடில் ஒலிக்கும் வரிசை: முதலில் 'ப', அப்புறம்தான் உயிர்க்குறி; திரையில் காட்டும்போதுதான் கொம்பு இடப்பக்கம் போகும். கோவிந்தசாமியின் பாடு இன்னும் மோசம். ஒற்றைக்கொம்பன்று, இரட்டைச்சுழிக் கொம்பு ஒருபுறம், கால் மறுபுறம், நடுவில் 'க'. மூன்றையும் சேர்த்து 'கோ' ஆக்க வேண்டும். இதைப் பேரனுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன், ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டி. லினக்ஸ் விஷயத்தில் நான் அவனுக்குக் கற்பித்தது இது ஒன்றுதான்.

தொகுப்பைக் கொண்டு மாற்றியபின் இரண்டு இரவு சரிபார்த்தோம். நான் திரையைப் பார்த்துப் பெயரை வாசிக்க, மனைவி பழைய ரசீதுப் புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டே வந்தாள். பாதிப் பேர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டுப் போய்விட்டவர்கள். சிலர் உலகத்தையே விட்டு. ஒவ்வொரு பெயருக்கும் அவளிடம் ஒரு கதை இருந்ததால் ஓர் இரவில் முடியவேண்டிய வேலை இரண்டானது.

பதிப்பு மாற்றங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 21-க்கும் பிறகு 22-க்கும் மாறினோம். இரண்டும் மாசி மாதத்தில், வேலையில்லாத நாளாகப் பார்த்து. டைம்ஷிஃப்ட் என்று ஒரு கருவி இருக்கிறது, மாற்றத்துக்கு முந்தைய நிலையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும், கெட்டுப்போனால் திரும்பிவிடலாம். ஒருமுறைகூடத் திரும்ப நேரவில்லை. 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. சில்லு அதுவரை உயிரோடு இருக்குமா என்பதே கேள்வி. பிற்பகல் இடிமழைக்கு மின்சாரம் போய்ப் போய் வரும் ஊர் இது. எத்தனையோ முறை பாதி வேலையில் அணைந்திருக்கிறது. கோப்பு எதுவும் கெடவில்லை. தாய்ப்பலகையில் தேதியைக் காக்கும் காசு வடிவ பேட்டரி மட்டும் தீர்ந்து, ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் கணினி பழைய ஆண்டுக்குப் போய், இணையப் பக்கங்கள் எல்லாம் 'பாதுகாப்பற்றவை' என்று பயமுறுத்தின. புது பேட்டரி போட்டதும் நின்றது.

மலாய்ப் படிவங்கள் ஒரு சிறு தொல்லை. அரசு அலுவலகத்திலிருந்து வரும் வேர்டு கோப்பில் அட்டவணை அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. காரணம் காலிப்ரி எழுத்துரு இங்கே இல்லாதது. அதே அளவில் செய்த கார்லிட்டோ எழுத்துருவை நிறுவியதும் கட்டம் கட்டத்துக்குள் அடங்கியது. அரசாங்கமே 2004-இல் பொதுத்துறைக்குத் திறந்த மூல மென்பொருள் திட்டம் ஒன்று கொண்டுவந்தது. ஆனாலும் படிவங்கள் இன்னும் வேர்டில்தான் வருகின்றன.

கடந்த 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்தது. கோயில் தலைவரின் மடிக்கணினி 11-ஐ ஏற்காது என்று திரை சொல்லிவிட, அவர் என்னிடம் வந்தார். 'கிராணி, உங்களுடையதைப்போல எனக்கும் செய்து கொடுங்கள்' என்றார். போட்டுக் கொடுத்தோம். பத்தாவது நாள் திரும்பி வந்தார். அவர் பலசரக்குக் கடைக் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். விண்டோஸ் நிரலை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக முயன்றோம், திறந்தது, ரசீது அடிக்கவில்லை. பொறுமையில்லாதவர் என்று சொல்லமாட்டேன், அவருக்கு வேலை இருக்கிறது. என்னிடம் இருந்தது ஓய்வூதியமும் ஒரு பேரனும். இரண்டும் இல்லாதவருக்கு இதை நான் இனிப் பரிந்துரைக்க மாட்டேன். அவருக்கு வேறு கணினி வாங்கிக் கொடுத்தார் மகன். மிண்ட் போட்ட அந்த மடிக்கணினி இப்போது தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டு படிக்கும் அவர் பேத்தியிடம். அவள் ஒன்றும் கேட்காமலே பழகிவிட்டாள்.

என் பெட்டியில் கோயில் ஆண்டறிக்கை பாதியில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம், 60 பிரதி எடுக்க வேண்டும். மூலையில் கேடயம் மறுபடியும் ஆரஞ்சுப் புள்ளி காட்டுகிறது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.