தமிழ்நாடு – கேரள எல்லைகளில் எது அழகு? என் ஓட்டு போடிமெட்டுக்கு

இந்தப் பொங்கல் விடுமுறையில் அம்மாவையும் சித்தப்பா குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு மலை தாண்டிக் கேரளத்துக்குள் போய்வருவது என்று முடிவானது. எந்தப் பக்கம் ஏறுவது என்பதில்தான் வீட்டில் பெரிய விவாதம். மதுரையில் இருப்பவர்களுக்கு இது ஒரு வசதி. தெற்கே செங்கோட்டை, மேற்கே குமுளியும் போடிமெட்டும், வடக்கே கொஞ்சம் கூடுதலாக ஓட்டினால் உடுமலை – மறையூர், இன்னும் போனால் வால்பாறை – மலக்கப்பாறை. எல்லாமே நல்ல பாதைகள். நாங்கள் போடிமெட்டைத் தேர்ந்தெடுத்தோம். அதற்கான காரணத்தை விளக்கமாகச் சொல்லத்தான் இந்த அலசல்.

முதலில் இரண்டு எல்லைகளை ஓரமாக வைத்துவிடுகிறேன். களியக்காவிளை முழுக்கக் கடைத்தெரு. தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குவதைக் கடைப் பலகைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாளையார், மேற்குத் தொடர்ச்சி மலையே விலகி வழிவிட்ட பாலக்காட்டுக் கணவாயில் இருக்கிறது. ஆடி மாதக் காற்றில், தூரத்து மலைகளின் மேல் மேகம் இறங்கியிருக்கும்போது அதுவும் அழகுதான். ஆனால் நான்குவழிச் சாலையில் வண்டிகள் விரையும் வேகத்தில் அதைப் பார்க்க முடிவதில்லை.

இனி அசல் போட்டிக்கு வருவோம். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாதையின் அழகு வேறு, எல்லையின் அழகு வேறு. போகிற வழியெல்லாம் காடும் அருவியுமாக இருந்துவிட்டு, எல்லை மட்டும் ஒரு தகரக் கொட்டகையாகவும் தடுப்புக் கம்பியாகவும் முடிந்துபோனால், அதை அழகான பாதை என்று சொல்லலாம், அழகான எல்லை என்று சொல்ல மாட்டேன். எல்லைக்கோட்டில் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தால் இரண்டு வேறு நிலங்கள் தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், அங்கே நம்மை நிற்க விட வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தில்தான் பல பாதைகள் தோற்றுப்போகின்றன.

செங்கோட்டையை எடுத்துக்கொள்வோம். ரயில் பிடிக்கும் என்றால் இதற்கு ஈடு கிடையாது. 1904-இல் திறந்த மீட்டர் கேஜ் பாதை, 2010-இல் மூடப்பட்டு, அகலப் பாதையாகி 2018-இல் மறுபடி திறந்தது. கழுத்துருத்தியில் பாதி மலையை அணைத்தபடி நிற்கும் பதிமூன்று கண் பாலத்தை ரயிலிலிருந்தும் பார்க்கலாம், கீழே சாலையிலிருந்தும் பார்க்கலாம். புளியரைப் பக்கம் வயல்வெளி, அதன் முடிவில் சுவர்போல மலை, ஆனி ஆடியில் கணவாய் வழியாக வந்து முகத்தில் அடிக்கும் சாரல். குற்றாலத்துக்குச் சீசனைக் கொண்டுவருவதே இந்த ஆரியங்காவுக் கணவாய்தான். வரலாறும் கனமானது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். ஆரியங்காவு ஐயப்பன் திருக்கல்யாணத்துக்கு மதுரைச் சௌராஷ்டிர மக்கள் இன்றும் பெண்வீட்டாராகப் போகிறார்கள். எங்கள் தெருவிலேயே அப்படிப் போகிற குடும்பங்கள் உண்டு. எல்லைக்கோடு அந்த உறவைப் பிரிக்கவில்லை.

ஆனாலும் செங்கோட்டைக்கு என் முதல் ஓட்டு விழவில்லை. ரயிலில் போனால் பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் சுரங்கம். தமிழ்நாட்டில் நுழைந்து கேரளத்தில் வெளியே வருகிறோம். அதாவது எல்லையை இருட்டில் கடக்கிறோம். சாலையில் போனால், கணவாய் தாழ்வானது, 300 மீட்டர் உயரம்கூட வராது. மேலே ஏறி நின்று இரண்டு பக்கமும் பார்க்கும் இடம் அதில் இல்லை. போதாததற்குப் புளியரை வளைவுகளில் சரக்கு லாரிகள் வரிசைகட்டி நிற்கும்.

மறையூர்ப் பாதை எனக்கு மிகவும் பிடித்தது. உடுமலையிலிருந்து கிளம்பி ஒன்பதாறு சோதனைச் சாவடி தாண்டியதும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், சின்னாறு பாலத்தைக் கடந்தால் கேரளத்தின் சின்னாறு சரணாலயம். கேரளம் என்றால் பச்சை என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இங்கே ஆச்சரியம் காத்திருக்கிறது. சின்னாறு, மலை மழையைத் தடுத்துவிடும் மழைமறைவுப் பகுதி. பாலத்தின் இந்தப் பக்கமும் முள்காடு, அந்தப் பக்கமும் முள்காடு. மேலே ஏற ஏறத் தூரத்து மலையில் தூவானம் அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும். அப்புறம் மறையூரின் சந்தனக் காடு, கரும்பு வயல், வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகைகள். இங்கே ஓடும் பாம்பாறு கேரளத்தில் பிறந்து கிழக்கே திரும்பித் தமிழ்நாட்டுக்கு வருகிறது. கேரளத்தில் அப்படி கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றுதான்: கபினி, பவானி, பாம்பாறு. அமராவதிக்குத் தண்ணீர் தருவது இந்தப் பாம்பாறும் சின்னாறும் சேர்ந்துதான்.

சிக்கல் என்னவென்றால், இது யானைகளின் வழி. கோடையில் அமராவதி அணைக்குத் தண்ணீர் குடிக்க அவை கூட்டமாகச் சாலையைக் கடக்கும். அதனால் இடையில் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. அது சரியான விதி, மீறக் கூடாத விதி. ஆனால் எல்லையைப் பார்க்கப் போகிறவருக்கு, பாலத்தைக் கடக்கும் அந்தச் சில விநாடிகள்தான் கிடைக்கும்.

வால்பாறை – மலக்கப்பாறைக்கும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் கடுமையாக. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை, அங்கிருந்து சோலையாறு அணையின் நீர்ப்பரப்பை ஒட்டி எல்லை. மலக்கப்பாறையில் தேயிலைத் தோட்டம் முடிந்து அடர்ந்த காடு ஆரம்பிக்கும். அங்கே நேரம் எழுதிச் சீட்டுத் தருவார்கள். வாழச்சால் சாவடிக்குக் குறிப்பிட்ட நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சாயங்காலத்துக்குப் பிறகு நுழைய முடியாது. காட்டின் அழகை மட்டும் வைத்துப் பார்த்தால் இதுதான் முதலிடம் என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. பெரிய இருவாச்சி தலைக்கு மேல் பறக்கும் சிறகோசையைக் கேட்டவர்கள் அவர்கள். நான் அந்தப் பாதையில் அதிகம் போனவனில்லை, போனதும் கோடையில்தான். மழைக்காலத்தில் அந்தக் காடு எப்படி இருக்கும் என்பதற்கு அவர்கள் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். ஆனால் எல்லை என்ற அளவில் பார்த்தால், இரண்டு பக்கமும் அதே தேயிலை, அதே மலை.

ஆக, நிற்க முடிகிற எல்லை எது என்று கேட்டால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடுகிறது. மிஞ்சுவது குமுளியும் போடிமெட்டும்.

போடியிலிருந்து முந்தல் வரை சமதளம். மாந்தோப்பு, இலவம் பஞ்சு மரங்கள், வெயில். முந்தல் சாவடி தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே போடிக்கும் மேலே மெட்டுக்கும் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயர வித்தியாசம். அது சுமார் 25 கிலோமீட்டருக்குள் நடந்துவிடுகிறது. ஏறும் மலை முகம் பெரும்பாலும் வறண்டது. பாறை, காய்ந்த புல், அங்கங்கே புதர். வழியில் புலியூத்து அருவி ஐப்பசி மழைக்குப் பிறகு நன்றாக விழும், சித்திரையில் பாறை மட்டும்தான் இருக்கும். பசுமையை எதிர்பார்த்து ஏறுகிறவர்கள் பாதி வழியில் முகம் சுளிப்பார்கள். சித்திகூட, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டார்.

நான் பதில் எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த வறட்சிதான் விஷயமே. கடைசி வளைவு முடிந்து மெட்டில் ஏறியதும், கிழக்கே திரும்பினால் தேனிச் சமவெளி முழுவதும் காலடியில் விரிகிறது. ஏறி வந்த சாலை மடிந்து மடிந்து கீழே இறங்குகிறது, அதற்கப்பால் கண்மாய்கள் பளபளக்கின்றன. மேற்கே திரும்பி நாலடி நடந்தால் ஏலத்தோட்டம். உயர்ந்த நிழல் மரங்கள், அடியில் ஆளுயர ஏலச்செடிகள், ஈர மண் வாசனை. வெயில்கூட வேறு நிறத்தில் விழுகிறது. இவ்வளவு பெரிய மாற்றம் இவ்வளவு சின்ன இடத்தில் நடப்பதற்குக் காரணம், இங்கே மாநில எல்லை மலையின் முகட்டிலேயே ஓடுகிறது என்பதுதான். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டும்போது வெறுங்காற்றாக இறங்குகிறது. ஆனி ஆடியில் மெட்டில் நின்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேற்கிலிருந்து மஞ்சு பொங்கி வந்து முகட்டில் வழியும், கிழக்கே கொஞ்சம் இறங்கியதும் கரைந்து காணாமல் போகும். கீழே போடியில் அதே நேரம் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

தண்ணீரும் இங்கேதான் பிரிகிறது. கிழக்குச் சரிவில் விழும் மழை கொட்டகுடி ஆற்றில் சேர்ந்து வைகைக்குப் போகிறது. மேற்கே விழுவது பன்னியாறு வழியாகப் பெரியாற்றுக்குப் போகிறது. ஒன்று ராமநாதபுரம் பக்கம், இன்னொன்று அரபிக்கடல் பக்கம். மெட்டில் நின்று இதைச் சொன்னபோது சித்தப்பா மகன் கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தான். பாடப்புத்தகத்தில் நீர்பிரி மேடு என்று படித்ததை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் நான் வேறு பார்த்ததில்லை.

இதையெல்லாம் ஆற அமரப் பார்க்க முடிகிறது என்பதுதான் போடிமெட்டை மற்றவற்றிலிருந்து பிரிக்கிறது. மெட்டு ஒரு சின்ன ஊர். சாவடி, டீக்கடை, வண்டி நிறுத்த இடம் எல்லாம் உண்டு. யாரும் நேரச் சீட்டுத் தருவதில்லை, கிளம்பச் சொல்வதில்லை. டீயை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். அம்மாவுக்கு முட்டிவலி. காட்டுப் பாதைகளில் காருக்குள்ளேயே இருந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பதுதான் அவருக்கு வாய்த்திருக்கும். இங்கே காரை விட்டு இறங்கிப் பத்தடி நடந்ததும் எல்லாமே கண்முன் இருந்தது. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அழகை அவர்கள் நடந்து தேட முடியாது, நிற்கிற இடத்திலேயே அது இருக்க வேண்டும்.

இந்த எல்லை ஆள் இல்லாத எல்லையும் அல்ல. விடிவதற்கு முன்பே போடி, தேவாரம் பக்கத்து ஊர்களிலிருந்து தோட்ட ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடும், உள்ளே ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்கள். சாயங்காலம் அதே ஜீப்புகள் இறங்கும். அந்த ஏலக்காய் பிறகு போடிக்கும் அந்தப் பக்கம் புற்றடிக்கும் ஏலத்துக்குப் போகிறது. பூப்பாறை, சாந்தன்பாறை எல்லாம் கேரளத்தில் இருந்தாலும் கடைவீதியில் தமிழிலேயே பேசிச் சாமான் வாங்கலாம். இந்த மலையின் செல்வம் யாருடைய உழைப்பில் வருகிறது என்பதை இந்தச் சாலையில் ஒரு காலை நேரம் நின்றால் புரிந்துகொள்ளலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஜீப்புகள் ஏறும் விடியற்காலையும் இறங்கும் சாயங்காலமும் வளைவுகள் ஆபத்தானவை. எட்டரை மணிக்கு மேல் ஏறுவது நல்லது. மாசி, பங்குனியில் சமவெளியில் புகைமூட்டமாக இருக்கும், பார்வை போகாது, காட்டுத்தீ பயமும் உண்டு. பக்கத்துக் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நான் இந்த மலையில் ஏறியதில்லை. பாறை உருண்டு பாதை அடைபட்டது என்று செய்தி வருகிற காலம் அது, கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வளைவுகளில் தலைசுற்றும் என்றால் செங்கோட்டை ரயிலே நல்லது, அதில் சந்தேகமே இல்லை. தை மாதக் காலைதான் என் அனுபவத்தில் மிகத் தெளிவானது.

குமுளி ஏன் இரண்டாமிடம்? ஊரின் நடுவிலேயே எல்லை, அதனால் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அங்கிருந்து கீழே இறங்கும் மலைப்பாதை வேறு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து, ராட்சதக் குழாய்களில் லோயர் கேம்ப் மின் நிலையத்துக்கு இறங்குவதை அதில் பார்க்கலாம். மேற்கே போக வேண்டிய பெரியாற்றை 1895-இல் பென்னிகுவிக்கின் அணை கிழக்கே திருப்பியது. போடிமெட்டில் இயற்கை பிரித்து அனுப்பிய தண்ணீரை இங்கே மனிதர்கள் இழுத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்தால்தான் கம்பம் பள்ளத்தாக்கு ஏன் பச்சையாக இருக்கிறது என்று விளங்கும்.

அதனால் நாங்கள் போடிமெட்டில் ஏறி, குமுளியில் இறங்கினோம். பூப்பாறையில் மூணாறு பக்கம் திரும்பாமல் சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம் வழியாகப் போக வேண்டும். நேரம் இருந்தால் நெடுங்கண்டத்துக்குப் பக்கத்தில் ராமக்கல்மேடு. கேரளத்து முகட்டில் நின்று தமிழ்நாட்டைப் பார்க்கும் இன்னொரு இடம் அது, காற்று ஆளைத் தள்ளும். ஒரே நாளில் முடிக்க வேண்டுமென்றால் அதை விட்டுவிடுங்கள். இருட்டுவதற்கு முன் குமுளி மலையை இறங்கிவிட்டால், இரவுச் சாப்பாட்டுக்குக் கம்பம் வந்துவிடலாம்.